திருப்புளியில் கேட்ட சத்தம்

20-7-96, சனி

ஆடிக் காற்று. கடை போர்டு இரண்டு தடவை கழன்று விழுந்தது. இரண்டு தடவையும் மாட்டினேன். மூன்றாவது தடவை, கிடக்கட்டும் என்று உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவன் போர்டைப் பார்த்தா வருகிறான்.

இன்றைக்கு ஒரு மானக்கேடு. எழுதித் தொலைக்கிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். டிவி பார்த்து அலறினேன். நாற்பத்திரண்டு வயசு. ஐ.டி.ஐ. பாஸ் (இரண்டாவது தடவையில்). த்ரீ பேஸ் கரண்டில் கை வைத்துத் தூக்கி எறியப்பட்டு, எழுந்து போய் டீ குடித்தவன். அப்படிப்பட்டவன் "ஐயோ அம்மா" என்று கத்தி, காலை உதறி, கையிலிருந்த டீயைக் கொட்டினேன். இருப்பது லைன் வீடு. ஆறு குடும்பத்துக்கும் சுவர் பொது, மானமும் பொது. பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா சுவரைத் தட்டினார்.

"ஏனுங் தம்பி, பாம்பா?"

"இல்லீங்கக்கா. டிவிங்க."

அந்தப் பக்கம் குடும்பத்தோடு சிரிப்பு. அவர்கள் வீட்டுக்காரரின் இருமல் சிரிப்புத் தனியாகக் கேட்டது.

சனிக்கிழமை ஏழரைக்குக் கேபிளில் வருகிற தொடர். இங்கிலீஷ். எனக்குப் புரிகிறது 'கம்', 'கோ', 'ஸ்டாப்'. மிச்சத்தைக் காயத்ரி சொல்லுவாள். நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், அப்பனைவிட விவரம். இன்றைய கதை: ஒரு ஊர். அழுகிறவர்கள், பயப்படுகிறவர்கள் எல்லோரையும் ஓர் இரும்பு அறைக்குள் விடுகிறார்கள். ஐஸ் பேக்டரிக் கதவு மாதிரிக் கதவு. ஒரு நிமிஷம் 'ங்ங்ங்' என்று சத்தம். வெளியே வரும்போது அதே முகம், அதே சட்டை, அதே வகிடு. உள்ளே மட்டும் மிஷின். சிரிப்பு இல்லை, அழுகை இல்லை, சுட்டால் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

ஒருத்தன் தன் பெண்டாட்டியை அவனே கைபிடித்துக் கூட்டிப் போகிறான்.

"ஏன் கண்ணு கூட்டிட்டுப் போறான்?"

"அவ அழுதுட்டே இருக்கறாளாம்ப்பா. அவனுக்குத் தாங்க முடியலையாம்."

கதவு திறக்கிறது. பெண்டாட்டி வெளியே வந்து நேராக நம்மைப் பார்க்கிறாள், டிவிக்குள்ளிருந்து. இமை ஆடவில்லை. அங்கேதான் அலறினேன்.

கொட்டிய டீ பாதி, பெண்டாட்டி சரசுவின் கால்மேல். அடுப்பிலிருந்து இறக்கிய டீ. அவள் காலை இழுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். துணி எடுத்து வந்து முதலில் தரையைத் துடைத்தாள், அப்புறம் காலை. "இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

காயத்ரி டிவியைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த டைரி பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. முன்பக்கங்களைப் புரட்டினேன். கடைசியாக எழுதியிருப்பது மார்ச் 18: "பையன். காலை 5.40. மொதலாளி வந்தாச்சு." அதற்குப் பிறகு இன்றுவரை வெள்ளை.

21-7, ஞாயிறு

காற்று, வெயில் இல்லை. செய்ய வேண்டியவை:

– காங்கேயம் எண்ணெய் மில் மோட்டார், காயில் கட்டி வார்னிஷ் அடிக்க
– மொபெட் பிரேக்
– காயத்ரிக்கு ஷூ (விரல் வெளியே வந்துவிட்டது)
– வீட்டு கிரைண்டர் பெல்ட் பார்க்க

ஒன்றும் செய்யவில்லை.

கிரைண்டர் பற்றி எழுத வேண்டும். காலை பத்து மணிக்குக் கடையிலிருந்து வந்தேன். சந்து முனையிலேயே சத்தம். எங்கள் வீட்டுக் கிரைண்டர்தான், சத்தம் மட்டும் வேறு. மாவு இருந்தால் 'தொப்பு தொப்பு' என்று ஈரச் சத்தம் வரும். இது கல்லும் கல்லும் உரசுகிற சத்தம். உள்ளே போனால் குழவி சுற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஒரு அரிசிகூட இல்லை. முன்னால் சரசு நிற்கிறாள். கை முந்தானையில். கண் குழவியில். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கல் சூடேறி வாசம் வந்துவிட்டது.

"அம்மணி, அரிசி போட மறந்துட்டியா? கல்லு மாவு இட்லிக்கு ஆவாது."

"ஆமாங்க" என்றாள். சுவிட்சை நிறுத்தினாள். ஊறவைத்த அரிசியை எடுத்துப் போட்டாள். மறுபடி சுவிட்ச்.

பழைய சரசுவாக இருந்தால் நான் கேலி பேசியதற்கே கரண்டி பறந்திருக்கும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நான் திட்டு வாங்காத நாள் கிடையாது. கிரீஸ் கையோடு தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்கு, கொடியில் காயும் துணியில் கை துடைத்ததற்கு, அவள் அண்ணன் கல்யாணத்தில் ஸ்டேஜ் லைட்டை ரிப்பேர் செய்கிறேன் என்று ஊரையே இருட்டாக்கியதற்கு. கோபம் வந்தால் குழம்பில் உப்பு ஏறும். உப்பை வைத்தே அன்றைய நிலவரம் தெரியும்.

மூன்று மாசமாக உப்பு சரியாக இருக்கிறது. ஒரு நாள்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

சாயங்காலம் ஒரு சோதனை செய்தேன், வெட்கத்தை விட்டு. கை நிறையக் கிரீஸோடு வந்து வெள்ளைத் தலையணை உறையில் ஐந்து விரலும் பதிகிற மாதிரி வைத்தேன். பார்த்தாள். உறையைக் கழற்றி ஊறவைத்தாள். வேறு உறை போட்டாள். தலையணையை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

22-7, திங்கள்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தூறல். என் அண்ணன் தோட்டத்தில் மோட்டார் சத்தம் போடுகிறது என்று ஆள் சொல்லிவிட்டிருந்தார். போனேன்.

வழக்கமான வைத்தியம். நீளத் திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது. வேறு எந்த மீட்டரும் அந்த அளவுக்கு உண்மை சொல்லாது. பேரிங் நன்றாக இருந்தால் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். தேய்ந்திருந்தால் உள்ளே யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. கடித்தது. மாற்றினேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்பக்கம் போகவில்லை.

அண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"சரசு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்ண்ணா. அழுகறதெல்லாம் நிறுத்திப்போட்டா."

"அதான்டா வேணும். பொழுதுக்கும் அழுதுட்டு இருந்தா ஊடு வெளங்குமா."

இளநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எழுதி வைக்கிறேன். பையன் மூன்று நாள் இருந்தான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள். நான் வெளியிலிருந்து மொதலாளி, மொதலாளி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு முதலாளி வந்துவிட்டார், இனி நான் லீவு கேட்டுத்தான் எடுக்கணும் என்று நர்சிடம்கூடச் சொன்னேன். அது சிரித்தது. நாலாம் நாள் காலை இல்லை. பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். ஆண்கள்தான் போவது. நானும் அண்ணனும் போனோம். சரசு அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில். எங்கே என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, தெரிந்தால் கால் அங்கேயே போகும் என்றார்கள் பெரியவர்கள். அவளும் கேட்கவில்லை.

முப்பது நாற்பது நாள் அழுதாள். பால் கட்டிக்கொண்டு அழுதாள். சோறு வடிக்கும்போது, பல் தேய்க்கும்போது. ஒரு நாள் கடையில் நான் கட்டிக்கொடுத்த மோட்டார் இரண்டு புகைந்து திரும்பி வந்தன. வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அழுகை. நான் சொன்னேன்: "அம்மணி, போதும். இதுக்கு மேல நீ அழுதா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். நிறுத்திக்கோ." அவள் என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து இப்படி.

சனிக்கிழமை டிவியில் அந்தப் புருஷன் கைபிடித்துக் கூட்டிப்போனானே, அவன் சட்டை நீலக் கட்டம். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

மாலை காயத்ரி கேட்டாள்: "அப்பா, திருப்புளிய மனுஷனுக்கு வெச்சாலும் கேக்குமா?"

"கேக்குமே. உன்ற வயித்துல வெச்சா பசி கடகடன்னு கேக்கும்."

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள்.

23-7, செவ்வாய்

காற்று ஓயவில்லை. எதிர் லைனில் ஒரு ஓடு பறந்தது.

காயத்ரியின் ரஃப் நோட்டைப் பார்த்தேன். கணக்கு பார்க்கலாம் என்று எடுத்தது. கடைசிப் பக்கம், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு:

மாறியவர்களைக் கண்டுபிடிக்க
1. சுட்டால் தெரியாது ✓
2. சிரிக்க மாட்டார்கள் ✓
3. கேட்டதற்கு மட்டும் பதில் ✓
4. உள்ளே சத்தம் கேட்கும்

நாலாவதற்கு நேராக ஒன்றும் இல்லை.

நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று நினைத்தேன். என்ன பேசுவது? அம்மா மிஷின் இல்லை கண்ணு என்றா? எப்படித் தெரியும் என்று கேட்டால்?

ராத்திரிச் சாப்பாடு: ரசம், பொரியல். உப்பு சரி.

24-7, புதன்

கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கிறது.

காலையில் பெருந்துறையிலிருந்து வந்த பார்ட்டிக்கு மோட்டார் சோதித்துக் காட்ட வேண்டும், பையில் நீளத் திருப்புளி இல்லை. கடையெல்லாம் தேடி, கடன் வாங்கிச் சமாளித்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். காயத்ரிக்கு வயிற்று வலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை.

கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. திறந்தேன்.

சரசு சுவர்ப் பக்கம் திரும்பிப் பாயில் படுத்திருக்கிறாள். பின்னால் காயத்ரி முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் திருப்புளி. நுனி, அம்மாவின் முதுகில், ரவிக்கைக்கு நடுவில். கைப்பிடி இவள் காதில். மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படிப் பிடிக்கவேண்டுமோ அப்படிப் பிடித்திருக்கிறாள், நடுவில் விரல் படாமல். என்னைப் பார்த்துக் கற்றது.

என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை. ரகசியக் குரலில் சொன்னாள்:

"அப்பா. ஓடுது."

"என்ன ஓடுது?"

"ங்ங்ங்னு. நிக்கவே இல்லப்பா."

திருப்புளியைப் பிடுங்கினேன். போடி அக்கா வீட்டுக்கு என்று தள்ளாத குறையாக அனுப்பினேன். போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். நாலாவது டிக் போடத்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. கதவைச் சாத்தினேன். நானும் முட்டிபோட்டேன். இருபது வருஷமாக எத்தனையோ மோட்டாருக்கு வைத்த திருப்புளியை அவள் முதுகில் வைத்தேன்.

இதயம் 'தொம் தொம்' என்று கேட்கும் என்று நினைத்தேன். கேட்டது. அதற்கு மேலே, வேறொன்று. மெல்லிசாக, விடாமல். ஓடுவதும் ஒரு நொடி நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக. ஒரே அளவு. ஒரே இடைவெளி. வயிற்றுச் சத்தம் இல்லை, மூச்சும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சத்தமும் இல்லை.

தலையைத் தூக்கினேன். சரசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. தூங்கவே இல்லை. காயத்ரி திருப்புளியை வைத்தபோதும் தூங்கியிருக்க மாட்டாள்.

திரும்பாமலே கேட்டாள்: "ஏனுங்க, என்ன கேட்டுச்சு?"

என் வாய் இருக்கிறதே. "பேரிங் நல்லாத்தான் இருக்குது. கிரீஸ் மட்டும் கொஞ்சம் போடோணும்" என்றேன்.

"சரிங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சாப்பிடாமல் கடைக்கு ஓடி வந்துவிட்டேன்.

25-7, வியாழன்

எண்ணெய் மில் மோட்டார் டெலிவரி. பேஸ் ஒயரை மாற்றிக் கொடுத்து, மோட்டார் தலைகீழாகச் சுற்றி, மில்காரர் சிரித்து, மறுபடி மாற்றி. புத்தி இங்கே இல்லை.

26-7, வெள்ளி

காயத்ரி இரண்டு நாளாக அம்மா கையால் சாப்பிடவில்லை. ரங்கநாயகி அக்கா வீட்டில் சாப்பிடுகிறாள், தூக்கமும் அங்கேதான். அக்கா என்னைச் சந்தில் மடக்கினார்.

"ஏனுங் தம்பி, புள்ள ஏனோ அம்மாகிட்டப் போவ மாட்டேங்குது. நீங்க சண்டை கிண்டை போட்டீங்களா?"

"சண்டை வந்தா உங்களுக்குக் கேக்காதுங்களாக்கா?"

"அதுவுஞ் சரிதான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "இப்பெல்லாம் உங்க ஊட்டுல ஒண்ணுமே கேக்கறதில்லீங். முன்னெல்லாம் சரசு போடற சத்தத்துல எங்க ஊட்டுப் பாத்திரம் ஆடும். இப்ப எனக்கே பயமாத்தான் இருக்குது."

மாலை காயத்ரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சரசு தட்டில் சோறு போட்டு உருண்டை பிடித்து நீட்டினாள். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம். நீ எங்கம்மா இல்ல."

நான் அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் சரசு சொன்னாள்:

"சரி கண்ணு."

அவ்வளவுதான். உருண்டையைத் தட்டில் வைத்தாள். தட்டை மூடினாள். மூடிமேல் கரண்டியை நேராக வைத்தாள்.

ஒரு பிள்ளை போய்விட்டது. இன்னொன்று பக்கத்து வீட்டில். பெண்டாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவளும் இல்லை. நான்தான் சுவிட்சைப் போட்டவன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஊர் மோட்டாரெல்லாம் பார்க்கிறேன்.

27-7, சனி

காற்று இன்றைக்குப் பேய்க் காற்று. செல்வபுரம் முக்கில் புளியங்கிளை முறிந்து கிடந்தது.

ஏழேகாலுக்குக் காயத்ரி தானாகவே வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்காக இல்லை, தொடருக்காக. போன வாரக் கதையின் மிச்சம் இன்றைக்கு. "இன்னிக்குத் திருப்பி மாத்தறது எப்படின்னு சொல்லுவாங்கப்பா" என்றாள். நோட்டும் பென்சிலும் கையில். எனக்கும் வேண்டியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்திரண்டு வயசில் பெண்டாட்டிக்கு வைத்தியம் தேடி டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

நான் இங்கே, காயத்ரி என் மடி ஓரம், சரசு கதவோரம் அரிசி புடைத்துக்கொண்டு. டிவியில் அந்தப் புருஷன் பெண்டாட்டி முன்னால் மண்டிபோட்டுக் கேட்கிறான், திரும்பி வர வழி என்ன என்று. ஊரே வரிசையாக அசையாமல் நிற்கிறது. ஒரு வயசானவர் வந்து, ஒரே ஒரு வழி இருக்கிறது என்கிறார்.

"என்ன வழியாம்?"

"இருப்பா, சொல்லப் போறாரு."

கரண்ட் போய்விட்டது.

வாழ்க்கையில் மூன்றாவது தடவையாகக் கரண்ட்காரனாக இருந்துகொண்டே கரண்டைச் சபித்தேன். எழுந்து பியூஸ் பார்த்தேன், பியூஸ் இருக்கிறது. வாசலில் எட்டிப் பார்த்தால் லைன் முழுக்க இருட்டு. எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும்.

டிவி இல்லை. பேன் இல்லை. அக்கா வீட்டுப் பிரிட்ஜ் சத்தம் இல்லை. பின் தெரு விசைத்தறி எல்லாம் நின்றுபோய், காற்றும் ஒரு கணம் அடங்கியது. இந்த லைன் வீட்டில் இத்தனை அமைதியை நான் கேட்டதில்லை.

அப்போது அது கேட்டது. திருப்புளி இல்லாமல். வெறும் காதுக்கு.

ங்ங். ங்ங். ங்ங்.

ஊரில் ஓடுகிற மோட்டாரெல்லாம் நின்றபிறகு, ஒன்று மட்டும் ஓடுகிறது. கதவோரத்திலிருந்து.

காயத்ரி என் கையில் நகத்தைப் பதித்தாள். "அப்பா. அதுதான்" என்றாள். தீப்பெட்டி பக்கத்தில்தான் இருந்தது, கிழிக்கக் கை வரவில்லை. கிழித்தால் எதைப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

"சரசு" என்றேன்.

சத்தம் நின்றது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல். ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லாமல்:

"எங்கீங்க வெச்சீங்க?"

என்ன என்று கேட்கவில்லை. நாலு மாசமாக அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியும்.

"அண்ணன் தோட்டத்துல. மோட்டார் ரூமுக்குப் பின்னால."

முறத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

பெரியவர்கள் சொன்னதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. "சரி அம்மணி" என்றேன்.

கரண்ட் எட்டரைக்கு வந்தது. தொடர் முடிந்து வேறு எதுவோ ஓடியது. அந்த ஒரே வழி என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. காயத்ரி நோட்டை மூடி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

28-7, ஞாயிறு

மலைப்பக்கமிருந்து சாரல். மொபெட்டில் மூன்று பேர்: முன்னால் காயத்ரி, பின்னால் சரசு. காயத்ரி வரமாட்டேன் என்றாள். ரங்கநாயகி அக்காதான், "உன்ற தம்பியப் பாக்கப் போறாங்க, போ சாமி" என்று ஏற்றிவிட்டார். பேரூர் தாண்டி ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் ஒரு மாட்டு வண்டியோடு பேசிவிட்டு நின்றோம். அந்த வேலை இன்னும் பாக்கி.

அண்ணன் வாசலில் எங்களைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். என்னை ஒரு முறை முறைத்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால், இரண்டாவது தென்னைக்கும் வரப்புக்கும் நடுவில். புல் வந்திருந்தது. நான் போட்ட வேலமுள் காய்ந்து கிடந்தது. "இங்கதான்" என்றேன்.

சரசு நின்றாள். வெகுநேரம். கிரைண்டர் முன்னால் நின்றாளே, அதே நிலை. கை முந்தானையில். கண் மண்ணில். சாரல் முகத்தில் அடிக்கிறது, துடைக்கவில்லை. காயத்ரி என் பின்னால் ஒளிந்துகொண்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு. நான் நினைத்தேன், அவ்வளவுதான், இனி ஒன்றும் இல்லை, அந்த டிவிக்காரன் பெண்டாட்டி மாதிரி இவளும் இப்படியே.

பிறகு அவள் குனிந்தாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டாள். புல்லை விலக்கினாள். விரலில் எதுவோ தட்டியது. தோண்டி எடுத்தாள்.

நான் வைத்த இம்பெல்லர். பம்புக்குள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரம், பித்தளை, இதழ் இதழாகப் பூ மாதிரி இருக்கும். கடையில் இருந்ததிலேயே நல்லது. அடையாளத்துக்கு அன்று எனக்குத் தெரிந்தது அதுதான்.

கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதா?"

இம்பெல்லரை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பச்சப் புள்ள மேல கொண்டாந்து இரும்ப வெச்சிருக்கறீங்க. பாரமா இருக்காது அவனுக்கு?"

"இரும்பில்ல அம்மணி. பித்தளை."

"பித்தளைன்னா லேசா? தூக்கிப் பாருங்க! முள்ளு வேற!"

"மலையிலிருந்து ஆனை வருது... மிதிச்சுரக் கூடாதுன்னு..."

"ஆனை வருதாம். ஆனை! எங்கிட்டச் சொல்லோணும்னு ஒரு வார்த்தை வந்துச்சா அந்த வாயில? ஊரெல்லாம் பேசற வாயி! அழுவாதங்கறதுக்கு மட்டும் வந்துச்சு!"

குரல் ஏறிக்கொண்டே போனது. தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காயத்ரி என் வேட்டியை இழுத்தாள். "அப்பா. அம்மா திட்டறாங்க" என்றாள், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

இம்பெல்லரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சரசு அந்த ஈர மண்ணில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அழுதாள். எழுதத் தெரியவில்லை அதை. அண்ணன் மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டரை அமுக்கினார். மழை தூறுகிற நேரத்தில் எந்தப் பயிருக்குத் தண்ணீர்? களை எடுக்கிறவர்களுக்கு அழுகை கேட்கக் கூடாது என்றுதான். திங்கள்கிழமை நான் போட்ட பேரிங். சீராக ஓடியது.

காயத்ரி மெதுவாகப் போய் அம்மா தோளில் கை வைத்தாள். சரசு இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்போதும் 'ங்ங்' என்று அந்தச் சத்தம், அழுகைக்கு நடுவில். இப்போது வாய் திறந்திருந்தது, அதனால் புரிந்தது.

"மருது, மருது, மருது."

"யாரும்மா?" என்றாள் காயத்ரி.

"உன்ற தம்பி சாமி. மருதாசலம்னு பேரு வெக்கறதா மலைக் கோயில்ல வேண்டியிருந்தேன். யாரும் வெக்கல. பேரில்லாமப் போனா கூப்புட ஆளில்லாம நிக்குமே புள்ள. அதான் நான் உள்ளயே கூப்புட்டுட்டு இருந்தேன். பொழுதுக்கும்."

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. வழியில் நிறுத்தி டீ. காயத்ரிக்குப் பன். சரசு டீயை உதட்டில் வைத்து, "ஸ்ஸ், சுடுது" என்று டம்ளரை மாற்றிப் பிடித்தாள். நானும் காயத்ரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ராத்திரிக் குழம்பில் உப்பு வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

படுக்கும்போது கேட்டாள்: "வெக்கறப்ப நீங்க ஏதாச்சும் சொல்லிக் கூப்புட்டீங்களா அவன?"

"இல்ல அம்மணி" என்றேன்.

அவன் மருதாசலம். இனி அதுதான் அவன் பேர். அவனுக்கு இன்னொன்று எதற்கு.

அன்றைக்கு மண்ணைத் தள்ளி முடித்ததும் அண்ணன் சொன்னார், திரும்பிப் பார்க்காமல் நட என்று. பத்தடி நடந்தேன். திரும்பினேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"வாரனுங்க, மொதலாளி."